ஒரு டப்பா, இரண்டு கால்

கூடு இறக்கும் நாளன்று எங்கள் ஊரில் யாரும் ஒழுங்காக வேலை பார்ப்பதில்லை. வயர்லெஸ் கேட்பார்கள். பருவம் தொடங்கும் நவம்பர் கடைசித் திங்கட்கிழமை விடிவதற்கு முன்னாலேயே சிங்கி இறால் படகுகள் அத்தனையும், இரை வைத்துக் கடலடியில் இறக்கும் கம்பிக் கூடுகளைக் கூரை உயரத்துக்கு அடுக்கிக்கொண்டு ஒன்றாகக் கிளம்பும். முதலில் போய் நல்ல பாறைத் தரையில் கூட்டை இறக்குகிறவனுக்கு அந்த வருஷம் கவலையில்லை. பிந்தினவன் மண்தரையில் இறக்கிவிட்டு, வசந்தம் வரை அடுத்தவன் பிடிப்பைப் பார்த்து வயிறெரிய வேண்டியதுதான். கரையில் இருக்கும் நாங்கள் அடுப்படியிலும் பள்ளிக்கூடத்திலும் என் மருந்துக்கடையிலும் ஆளுக்கொரு வயர்லெஸ் பெட்டியை வைத்துக்கொண்டு, படகுகள் தங்களுக்குள் பேசுவதை ஒட்டுக் கேட்போம்.

அன்றைக்குக் கடையைத் திறந்து பெட்டியைத் திருகியதும் கிளேட்டன் குரல்தான் வந்தது. கிளேட்டனுக்குப் படகு ஓட்டத் தெரியும், வாயை மூடத் தெரியாது.

"எல்லாருக்கும் ஒரு சேதி. நம்ம டாரல், 'ஆம்பர் லின்' படகு ஓரமாத் தொங்கிக்கிட்டு மீனுக்குச் சாப்பாடு போட்டுக்கிட்டிருக்கான். பொறந்ததுலேர்ந்து கடல்ல கெடக்கிறவனுக்கு இன்னைக்குத்தான் குமட்டுதாம்."

"டாரலுக்கா? வாந்தியா?" என்றது இன்னொரு படகு. "மாசமா இருக்கானோ என்னமோ, நல்லா விசாரி."

"ரெண்டு பேரும் உங்க கூட்டைப் பாருங்கடா," என்றது டாரலின் குரல். சுரத்தே இல்லை.

நானும் சிரித்தேன். டாரலைச் சின்ன வயதிலிருந்து தெரியும். அவன் தலைவலி என்றுகூடச் சொல்லமாட்டான். போன வெள்ளிக்கிழமைதான் என் கடைக்கு வந்திருந்தான், நெஞ்சுச் சளிக்கு மருந்து வாங்க. அவனுக்கென்று குடும்ப டாக்டர் கிடையாது. கனடாவின் எங்கள் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் டாக்டருக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருப்பவர்களை வரிசையாக நிற்க வைத்தால் தலைநகர் ஹாலிஃபாக்ஸ் வரை போகும். டாரல் பெயர் பதிந்தபோது அவன் மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். இப்போது அவளுக்கே குழந்தை இருக்கிறது. அதனால் பக்கத்து ஊரில், முன்பின் தெரியாத டாக்டர் வந்து உட்காரும் கிளினிக்கில் காட்டி, கிளாரித்ரோமைசின் சீட்டோடு வந்தான்.

எங்கள் மாகாணத்தில் யார் எந்தக் கடையில் எந்த மருந்து வாங்கினாலும் கம்ப்யூட்டரில் தெரியும். புது மருந்தின் பெயரைத் தட்டினால், ஏற்கெனவே சாப்பிடுவதோடு அது ஒத்துப்போகுமா, சண்டை போடுமா என்று சொல்லிவிடும். டாரல் பெயரில் ஒன்றுமே இல்லை. அது சுத்தம் என்றது. நான் மெஷினை நம்புகிற ஆளில்லை, அதனால் வாயாலும் கேட்டேன்.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறியா?"

"இல்ல."

"சத்து மாத்திரை, தூக்க மாத்திரை, நாட்டு மருந்து?"

"லோர்னா, நான் இருமிக்கிட்டு நிக்கிறேன். நீ என்ன, போலீஸா?"

கொடுத்து அனுப்பினேன். அன்றைக்கு அவன் லேசாக நொண்டினான். கூடு ஏற்றுகிற வாரத்தில் நொண்டாதவன் யார் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளேட்டன் இன்னும் நையாண்டி பண்ணிக்கொண்டிருந்தபோது ரோக்ஸான் உள்ளே வந்தாள். டாரலின் தம்பி எல்டனின் மனைவி. அவனுக்கு அண்ணன் படகில்தான் வேலை. ரோக்ஸானுக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு டாக்டர் உண்டு, அந்தப் புண்ணியத்தில் எல்டனையும் அவர் சேர்த்துக்கொண்டார். எல்டனுக்குக் கவுட். யூரிக் ஆசிட் ஏறிக் கால் பெருவிரல் தக்காளி மாதிரி வீங்கும். போர்வை பட்டால்கூடக் கத்துவான். அதற்குக் கோல்ச்சிசின் மாத்திரை.

"எல்டனோட மாத்திரை வேணும் லோர்னா."

"இப்பத்தானே வாங்கிட்டுப் போன?"

"தீர்ந்துபோச்சு. டப்பாவ கவுத்துப் பாத்தேன், தூசிதான் விழுது."

"அதெப்படித் தீரும்? அவனுக்கு ஒரு கால்தானே வீங்குது?"

அவள் சிரித்தாள். கடையில் வேறு யாரும் இல்லை என்று திரும்பிப் பார்த்துவிட்டு, மேஜைமேல் சாய்ந்தாள்.

"ரெண்டு கால் சாப்பிடுது. நீ யார்கிட்டயும் சொல்லாத. அவங்க அண்ணனுக்கும் அதே வியாதி. டாக்டர் இல்லாத மனுஷன் எங்க போவார், சொல்லு. எல்டன்தான் குடுக்கிறாரு. சனிக்கிழம முழுக்கக் கூடு ஏத்திட்டு, பூட்ஸக் கழட்ட முடியலயாம் அவருக்கு. வலி நிக்கிற வரைக்கும் போட்டுக்கன்னு டப்பாவுல இருந்தத எல்லாம் கொட்டிக் குடுத்திட்டாரு."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பயம் அப்புறம் வந்தது. கோல்ச்சிசின் ஒரு பூச்செடியின் கிழங்கிலிருந்து எடுப்பது. அந்தச் செடியை மேய்ந்த மாடு செத்துப்போகும். மருந்தளவுக்கும் விஷத்தளவுக்கும் நடுவில் அதிக இடமில்லை. உள்ளே போனதைச் சிதைத்து வெளியேற்றும் வேலையை உடம்பு செய்கிறவரை பிழைக்கலாம். கிளாரித்ரோமைசின் அந்த வேலையைத்தான் நிறுத்துகிறது. சளி மருந்து உள்ளே இருக்கும்போது கவுட் மாத்திரை போட்டால், போட்டதெல்லாம் உள்ளேயே தங்கும். முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு. அது சரியானது போலக்கூட இருக்கும். அதற்குப் பிறகு எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நிற்கும், சிறுநீரகம் நிற்கும், கடைசியில் நெஞ்சு.

முதல் கட்டத்தைத்தான் கிளேட்டன் காலையிலிருந்து வயர்லெஸ்ஸில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

"என்னாச்சு? ஏன் மூஞ்சி இப்படிப் போகுது?" என்றாள் ரோக்ஸான்.

"டாரல் போன் நம்பர் போடு. உன் புருஷன் நம்பரும் போடு."

இரண்டும் எடுக்கவில்லை. துறை முனையைத் தாண்டினால் கைபேசி வெறும் டார்ச் லைட். கடலோரக் காவல்படைக்குப் பேசினேன். கூடு இறக்கும் நாளில் அவர்களின் மீட்புப் படகு வெளியிலேயே நிற்கும். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், டாரலை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டும் பார்த்தார். என் கடைப் பெட்டியில் அது அப்படியே கேட்டது. வயிறு கொஞ்சம் சரியில்லை, மற்றபடி நலம், உதவி வேண்டாம், நன்றி என்றான் டாரல். காவல்படைக்காரர் போனுக்குத் திரும்பி வந்தார்.

"கேப்டனே வேண்டாம்னு சொல்றாருங்க. சுயநினைவோட பேசுறார். வலுக்கட்டாயமா இறக்க முடியாது. நீங்க பேசி அவர ஒத்துக்க வைங்க, எங்க படகு பக்கத்துல போய் நிக்கும்."

என் பெட்டி கேட்க மட்டும்தான் உதவும், பேச முடியாது. பேசும் பெட்டி படகுத்துறையில் இறால் வாங்குகிற கம்பெனி ஆபீசில் இருக்கிறது. கடையைத் திறந்துபோட்டுவிட்டு வெள்ளைக் கோட்டோடு ஓடினேன். பின்னாலேயே ரோக்ஸான். ஆபீஸ் கதவைத் திறந்ததும்தான் அந்த நாளில் அங்கே யார் யார் இருப்பார்கள் என்பது உறைத்தது. ஊர்ப் பெண்களில் பாதி தெர்மாஸ் காப்பியும் கேக்குமாகப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் டாரலின் மனைவி ஜோலீன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் கவுட் என்றால் குடி. பியர் அதிகமானால் கால் வீங்கும் என்பது இங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பியர் தொடாதவனுக்கும் கவுட் வரும் என்பது எனக்கும் டாக்டர்களுக்கும் மட்டும்தான் தெரியும். டாரல் ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவன். ஜோலீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவள் அக்கா வீட்டுக்குப் போன பிறகு விட்டான். சர்ச்சில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, இனித் தொடமாட்டேன் என்று சொன்னான். அதற்குப் பிறகுதான் அவள் திரும்பி வந்தாள். வீங்கின காலை அவன் ஏன் ஒளித்தான் என்று அந்த வாசலில் நிற்கும்போது எனக்குப் புரிந்தது.

ஒருவருடைய மருந்தைப் பற்றி நான் இன்னொருவரிடம் வாய் திறக்கக் கூடாது. உயிர் போகிற நேரத்தில் திறக்கலாம் என்று சட்டத்தில் இடமிருக்கிறது, ஆனால் சட்டம் எழுதினவர்கள் ஜோலீன் முன்னால் நிற்கவில்லை. முடிந்தவரை மூடிப் பேசுவோம் என்று மைக்கை எடுத்தேன்.

"ஆம்பர் லின், ஆம்பர் லின். மருந்துக்கடை லோர்னா பேசுறேன். டாரல், பத்தாம் நம்பர் சேனலுக்கு மாறு. தனியாப் பேசணும்."

மாறினேன். அவனும் மாறினான். அவனோடு மொத்தக் கடலும் மாறியது. எங்கள் ஊர்க்காரர்களிடம் 'தனியா' என்று சொன்னால் தூங்குகிறவனும் எழுந்து வந்து கேட்பான். யாரோ ஒருவன் காப்பி உறிஞ்சுகிற சத்தம்கூட வந்தது.

"சொல்லு லோர்னா," என்றான் டாரல்.

"நான் வெள்ளிக்கிழம குடுத்த மாத்திரைய நிறுத்து. நீ போட்டுக்கிட்டிருக்கிற அந்த இன்னொன்னையும் நிறுத்து. ரெண்டும் சேரக் கூடாது. நிறுத்திட்டு உடனே கரைக்கு வா."



"எந்த இன்னொன்னு?"

"உனக்குத் தெரியும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. உன்கிட்ட வாங்கினது ஒண்ணுதான். கூடு இறக்கிட்டு வந்து பேசிக்கிறேன்."

"டாரல், அது வரைக்கும் தாங்காது."

"லோர்னா," கிளேட்டன் குறுக்கே வந்தான், "அவன் படகத் திருப்பிக்கிட்டுப் போனா அந்த இடத்த நான் எடுத்துக்குவேன்னு பயப்படுறான். எடுத்துக்கவும் செய்வேன்."

"கிளேட்டன், நீ வாய மூடலன்னா உன் மூலத்துக்கு என்ன வாங்கிட்டுப் போறன்னு இப்பவே சொல்லிடுவேன்."

ஆபீசில் யாரும் சிரிக்கவில்லை. ஜோலீன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியில் டாரல் ஓங்கரிக்கும் சத்தம் வந்தது. மைக்கை விடாமலேயே வாந்தி எடுத்தான். கையில் மைக்கை அழுத்தின விரலை எடுக்கும் தெம்புகூட இல்லை அவனுக்கு. அதைக் கேட்ட பிறகு மூடிப் பேச எனக்கு மனசு வரவில்லை.

"டாரல், கேளு. நீங்க எல்லாருமே கேளுங்க, எப்படியும் கேக்கத்தான் போறீங்க. இது கடல் குமட்டல் இல்ல. உன் கால் வீக்கத்துக்கு எல்டன் குடுத்த மாத்திரை, என் மாத்திரையோட சேர்ந்து விஷமாயிருச்சு. இன்னைக்கு வயிறு. நாளைக்குக் கொஞ்சம் தேவலன்னு நெனப்ப. அப்புறம் சிறுநீரகம், அப்புறம் இதயம். இந்த ரெண்டும் சேர்ந்து செத்தவங்க இருக்காங்க. அதனாலதான் சொல்றேன், திரும்பு."

 

எல்டன் குரல் வந்தது. அழுகிறானா, காற்றா, தெரியவில்லை.

"அக்கா, நேத்து சாயந்தரத்துலேர்ந்து மணிக்கு ஒண்ணுன்னு போட்டாரு. எங்கப்பா அப்படித்தான் போடுவாரு. நான்தான் சொன்னேன்."

"போதும்டா, வையி," என்றான் டாரல்.

ஜோலீன் எழுந்து வந்து என் கையிலிருந்து மைக்கை எடுத்தாள். பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"டாரல். கால் வீங்கியிருக்கா?"

எங்கோ கூட்டின் கம்பி உரசுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அவன் பேசினான். விஷம் பற்றியும் கேட்கவில்லை, எத்தனை நேரம் இருக்கிறது என்றும் கேட்கவில்லை.

"நான் குடிக்கல, ஜோ."

அவள் மைக்கை அழுத்தினாள், விட்டாள். திரும்ப அழுத்தினாள்.

"குடிச்சிருந்தாலும் பரவால்ல. வந்துரு."

"குடிக்கலன்னு சொல்றேன்ல."

"சரி. குடிக்கல. வா."

அவன் வரமாட்டான் என்றுதான் எனக்குத் தோன்றியது. அத்தனை கூடு, இரண்டு குடும்பத்தின் வருஷம், ஊர் பூராவும் கேட்டுக்கொண்டிருக்கிறது. திரும்பினால் எல்லாம் உண்மை என்றாகிவிடும். நான் மறுபடி மைக்குக்குக் கை நீட்டியபோது கிளேட்டன் குரல் வந்தது. நையாண்டி இல்லாமல் பேசினால் அவன் வேறு ஆள் மாதிரி இருக்கிறான்.

"ஆம்பர் லின் திரும்புது. எல்டன் சுக்கானப் புடுங்கிட்டான்." கொஞ்சம் பொறுத்து, "எதிர்ச்சுத்தாச் சுத்துறான்டா டேய். எதிர்ச்சுத்து."

படகைச் சூரியன் போகிற பக்கமாகத்தான் திருப்புவோம், எதிர்ப்பக்கம் திருப்பினால் ஆள் போகும் என்பது எங்கள் கடலில் எழுதாத சட்டம். எல்டன் அதில் பெரிய பக்தன். படகில் யாராவது 'பன்றி' என்று வாய் தவறிச் சொன்னால், கெட்ட சகுனம் என்று அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பச் சொல்கிற ஆள். மீட்புப் படகு அந்தப் பக்கம் நின்றதால், குறுக்கு வழி அதுவென்று திருப்பிவிட்டான். ரோக்ஸான் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"அந்த இடத்துல ஒருத்தனும் கூடு இறக்கக் கூடாது," என்றான் கிளேட்டன் கடல் முழுக்கக் கேட்கும்படி. "எல்டன் திரும்பி வர்ற வரைக்கும் நான் அங்க நிப்பேன். எவனாவது வந்தான்னா முட்டுவேன்."

மீட்புப் படகுக்கு டாரலை மாற்றினார்கள். கரையில் ஆம்புலன்ஸ் நின்றது. மாத்திரையின் பெயர், எப்போது எத்தனை என்று நான் எழுதிக் கொடுத்ததை ஜோலீன் கைக்குள் மடித்து வைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள்.  கடைக்குத் திரும்பினேன். கதவு திறந்தபடியே கிடந்தது, யாரும் எதையும் தொடவில்லை. உட்கார்ந்து அழுதேன், பிறகு மூக்கைச் சிந்திவிட்டு எல்டன் சீட்டில் இன்னும் கொடுக்க வேண்டியிருந்த மாத்திரையைக் கம்ப்யூட்டரில் நிறுத்தினேன்.

டாரல் பிழைத்தான். எளிதாக இல்லை. ஹாலிஃபாக்ஸ் ஆஸ்பத்திரியில் பல நாள் ரத்தம் ஏற்றினார்கள், சிறுநீரகத்தை மெஷின் பார்த்துக்கொண்டது. தலைமுடி கொட்டிப் போய், கிறிஸ்துமஸ் தாண்டி வீடு வந்தான். ஆஸ்பத்திரிக்காரர்களே அவனுக்கு ஒரு டாக்டரைப் பிடித்துக் கொடுத்தார்கள். எங்கள் மாகாணத்தில் டாக்டர் கிடைக்க இதுவும் ஒரு வழி.

ஊர் என்ன பேசியது என்று சொல்ல வேண்டியதில்லை. கால் வீங்கியது என்றால் குடித்திருக்கிறான், அவ்வளவுதான். ஜோலீன் நம்பினாள், ஊர் நம்பவில்லை. அவனுடைய கவுட்டுக்கும் பியருக்கும் சம்பந்தமில்லை, அவன் ரத்தப் பரிசோதனையை நான் கம்ப்யூட்டரில் பார்த்தேன் என்று தெருவில் நின்று கத்தலாம் போல இருக்கும். கத்தினால் மறுபடியும் அவன் மருந்தைப் பற்றிப் பேசியவள் ஆவேன். வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

இன்னொன்றும் நடந்தது. கூடு இறக்கின அந்த வாரம் முழுக்க ஆட்கள் ஒவ்வொருவராகக் கடைக்கு வந்தார்கள், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து. மச்சானுடைய பிரஷர் மாத்திரை, செத்துப்போன மாமியாருடைய தூக்க மாத்திரை, பக்கத்து வீட்டுக்காரனுடைய முதுகுவலி மாத்திரை என்று ஜேப்பிலிருந்து எடுத்து வைத்தார்கள். இதை அதோடு சேர்த்துச் சாப்பிடலாமா என்று குசுகுசுவென்று கேட்டார்கள். முன்பு கேட்டபோதெல்லாம் இல்லை, இல்லை என்றவர்கள்தான். கிளேட்டன் மூன்று டப்பா கொண்டுவந்தான்.

டாரல் மட்டும், வீடு திரும்பின பிறகும், வரவில்லை. என் கடையைத் தாண்டி அரைமணி நேரம் வண்டி ஓட்டி அடுத்த ஊர்க் கடையில் மருந்து வாங்கினான். தெருவில் பார்த்தால் அவனும் தலை திருப்புவான், நானும் திருப்புவேன். உயிரைக் காப்பாற்றினவளை இப்படியா என்று எனக்குள் பொருமுவேன். அவன் சர்ச்சில் நின்று சொன்ன சொல்லை ஊர் முன்னால் பொய்யாக்கினவள் நான்தான் என்று நினைத்தால் பொருமல் அடங்கும்.

மார்ச்சில் ஒரு நாள் மத்தியானம் அந்த அடுத்த ஊர்க் கடையிலிருந்து போன் வந்தது. புதிதாகச் சேர்ந்த பெண், குரலில் எரிச்சலும் குழப்பமும்.

"மேடம், இங்க ஒருத்தர் நிக்கிறாரு. புதுசா ஒரு மாத்திரை எழுதியிருக்காங்க. வேற என்ன சாப்பிடுறீங்கன்னு கேட்டா பதிலே சொல்ல மாட்டேங்கிறாரு. 'லோர்னாவக் கேளு. கடலுக்கே சொன்னவ, உனக்குச் சொல்ல மாட்டாளா'ங்கிறாரு."

நான் சொன்னேன். கம்ப்யூட்டரில் அவ்வப்போது அவன் பெயரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்; அவனுக்கு எழுதியது ஒவ்வொன்றும், அளவு, எப்போது மாறியது எல்லாம். புது மாத்திரை எதுவென்று கேட்டேன். தட்டிப் பார்த்தேன். சுத்தம் என்றது கம்ப்யூட்டர்.

"கொடுக்கலாமா மேடம்?"

"இருங்க. கம்ப்யூட்டருக்குத் தெரியாதது ஏதாவது சாப்பிடுறாரான்னு கேளுங்க. தம்பியோடது, பொண்டாட்டியோடது, யாரோடதா இருந்தாலும்."

அவள் கேட்டாள். அங்கே கடைக் கதவின் மணி அடிப்பது கேட்டது, வேறு யாரோ உள்ளே வந்தார்கள். அவன் 'இல்ல' என்று சொல்வதற்காக நான் காத்திருந்தேன்.

"ஜோலீனோட இடுப்புவலி மாத்திரை," என்றது டாரலின் குரல். அந்தப் பெண்ணுக்குத் தேவையானதைவிட உரக்க, போனுக்குள் விழ வேண்டும் என்றே சொன்னான். "நேத்து ஒண்ணு. இன்னைக்குக் காலைல ஒண்ணு."

அவனுக்கு இருக்கிற சிறுநீரகத்துக்கு அது ஆகாது.

"அத நிறுத்தச் சொல்லும்மா," என்றேன். "லைன்லயே இரு, மத்ததையும் பாத்துச் சொல்றேன்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவன் பெயரை மறுபடி தட்டினேன்.